திருப்பணியும் லீலையும்

பழுதுபட்ட கோயிலைப் புதுப்பிப்பதை ஆகமங்கள் ஜீர்ணோத்தாரணம் என்கின்றன. தமிழ் வழக்கில் அது திருப்பணி. சுவரை இடித்துக் கட்டி, தளத்தை மாற்றி, சுதைப் பொம்மைகளுக்குப் பஞ்சவர்ணம் தீட்டி முடித்தபின் நிற்பது பழைய இறைவீடுதானா? துணிந்து புதுமை செய்தால் அதன் புனிதம் குறையுமா? இக்கேள்விக்குத் திருச்சிராப்பள்ளியில் காவிரியின் தென்கரை ஒரு விடையும், ஆற்றுக்கு நடுவிலுள்ள திருவரங்கத் தீவு வேறொரு விடையும் தருகின்றன.

தென்கரையில் நிற்பது மலைக்கோட்டை. 7ஆம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் அங்கே பாறையைக் குடைந்து சிவனுக்கு எடுத்த இல்லம் லலிதாங்குர பல்லவேசுவர கிருகம். கங்காதரர் சிற்பம் அதன் சுவரிலேயே செதுக்கப்பட்டது. இதே மன்னன் மண்டகப்பட்டில், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் அமைத்த கோயில் என்று பெருமையோடு கல்லில் பொறித்தான். பழுதே வராத வீடு வேண்டும் என்ற ஆசை அதில் தெரிகிறது.

திருவரங்கம் இதற்கு நேர் எதிர். ஏழு திருச்சுற்றும் 21 கோபுரங்களுமாக 156 ஏக்கரில் பரந்த அக்கோயில் தலைமுறைதோறும் கட்டி, இழந்து, மீண்டும் கட்டி வளர்ந்தது. அந்தக் கைங்கரியங்களின் வரலாறே கோயிலொழுகு. கருவறையில் பள்ளிகொண்ட பெரிய பெருமாளின் திருமேனியே சுதையால் ஆனது. அதற்கு நீரால் திருமஞ்சனம் கிடையாது. தைலக்காப்பு சாத்தித்தான் காக்கிறார்கள். வைணவர்களுக்கு எல்லாவற்றிலும் முதன்மையான திருத்தலத்தில் மூலவரே இடைவிடாத பராமரிப்பை ஏற்று நிற்கிறார் என்பது சிந்திக்கத் தக்கது. புதுப்பித்தல் இங்கே வழிபாட்டின் ஓர் அங்கம்.

சடங்கின் அமைப்பும் இதையே சொல்கிறது. திருப்பணி தொடங்குமுன் பாலாலயம் செய்து, இறைச் சக்தியைக் கும்ப நீரிலோ மரப்பலகையில் எழுதிய உருவிலோ எழுந்தருளச் செய்வார்கள். பிறகே கொத்தனாரும் ஸ்தபதியும் விமானத்தில் ஏறுவார்கள். பணி முடிந்ததும் சம்ப்ரோட்சணத்தில் அந்தச் சக்தி திரும்ப எழுந்தருள்கிறது. சுவர் வேறு, சுவரில் குடியிருப்பவன் வேறு என்பதை இதைவிடத் தெளிவாகச் செயலில் காட்ட முடியாது.

இதற்குத் தத்துவ அடிப்படையைத் திருவரங்கத்தில் வாழ்ந்த இராமாநுசரிடம் காணலாம். ஒரு சேதனன், அதாவது அறிவுடைய ஆத்மா, தன் பயனுக்காகத் தாங்கவும் இயக்கவும் வல்லதாய், அவனுக்கே அடங்கியதாய் உள்ள பொருள் எதுவோ அதுவே அவனுக்கு உடல் என்று பிரம்ம சூத்திர உரையான ஸ்ரீபாஷ்யத்தில் அவர் இலக்கணம் வகுத்தார். உலகம் முழுவதும் இறைவனுக்கு உடல். மாற்றம் உடலைச் சேரும், உள்ளுறையும் ஆத்மாவைத் தீண்டாது. இந்த இலக்கணத்தை வீட்டுக்கும் நீட்டிப் பார்த்தால், வீட்டின் அடையாளம் அதன் பூச்சில் இல்லை. அது யாருக்காக நிற்கிறதோ அந்த உறவில் இருக்கிறது. அந்த உறவு முறியாதவரை ஓடு மாறலாம், வண்ணம் மாறலாம். ஜப்பானில் இசே ஆலயத்தை 20 ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் புதிதாகக் கட்டி, அதையே பழைய ஆலயமாக வணங்குகிறார்கள். கடைசியாக 2013இல் அப்படி நடந்தது.

துணிச்சலான அலங்காரத்துக்கும் ஸ்ரீபாஷ்யத்தில் இடமுண்டு. குறை ஏதுமற்ற இறைவன் ஏன் உலகைப் படைக்க வேண்டும் என்ற வினாவுக்குப் பிரம்ம சூத்திரம் தரும் விடை, லீலை. ஏழு தீவுகளையும் ஆளும் பேரரசன் விளையாட்டுக்காகவே பந்தாடுவதை இராமாநுசர் இங்கே உவமை காட்டுகிறார். படைப்பே விளையாட்டென்றால், படைத்தவனின் வீட்டில் விளையாட்டு இருப்பது தவறாகாது. திருவரங்கத்தின் சேஷராயர் மண்டபத்தில் முன்னங்கால் தூக்கிப் பாயும் கற்குதிரைகளைச் செதுக்கியவர்கள் அடக்கத்தை நாடியவர்கள் அல்லர். அடித்தளத்தோடு பல நூற்றாண்டு நின்றுபோன தெற்கு ராயகோபுரத்தை அகோபில மடத்தின் 44ஆம் பட்டம் ஜீயர் 13 நிலையும் 236 அடி உயரமுமாக 1987இல் நிறைவேற்றினார். அதைக் கோயிலுக்குப் புறம்பானது என்று இன்று யாரும் நினைப்பதில்லை.

ஆயினும் எல்லாப் புதுமையும் லீலை ஆகிவிடாது. சுதைக்கு வண்ணம் இயல்பானது. மழையிலிருந்து அதைக் காப்பதும் அந்தப் பூச்சே. கருங்கல் தூணுக்கு எனாமல் பெயின்ட் அடிப்பது உளியின் வேலையை மறைப்பது. மண்டபத் தூண்களுக்கிடையே சுவர் எழுப்பி அறை தடுப்பதும், தளத்தின்மேல் தளம் போட்டு அதிட்டானத்தைப் புதைப்பதும் வீட்டைக் குடியிருப்பவனிடமிருந்து பறித்து வசதிக்குக் கொடுப்பதாகும். திருவரங்கத்தில் 2015 நவம்பர் சம்ப்ரோட்சணத்துக்கு முன் நடந்த திருப்பணி இதைச் சரியாகப் புரிந்துகொண்டது. பிற்காலத்தில் ஒட்டவைத்த கட்டுமானங்கள் அகற்றப்பட்டன. பழைய மழைநீர் வடிகால்கள் மீட்கப்பட்டன. 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது அதற்குக் கிடைத்தது. சேர்ப்பதைவிட நீக்குவதற்கு அதிகத் துணிவு வேண்டும்.

திருவரங்கத்தின் உத்தர வீதியிலும் சித்திரை வீதியிலும் பழைய வீட்டைப் புதுப்பிப்போருக்கும் இந்த அளவுகோல் பொருந்தும். ரேழிக்கு மஞ்சள் அடிக்கட்டும், கூடத்துக்கு மயில்நீலம் பூசட்டும். முற்றத்தை மட்டும் கான்கிரீட்டால் மூடிவிட வேண்டாம். திண்ணையை இடித்துக் கார் நிறுத்த வேண்டாம். வெயிலும் மழையும் வழிப்போக்கனும் அந்த வீட்டின் பழைய உரிமைக்காரர்கள்.