எப்போ படிக்கப் போறே?

ஒரு ஆஸ்பத்திரி ராத்திரியில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு, எல்லாம் தெரிந்தவன் மாதிரி சட்டென்று பதில் சொல்லிவிட்டேன். அது இன்றைக்கும் உறுத்திக்கொண்டு இருக்கிறது.

அப்பாவுக்கு இடுப்பு ஆபரேஷன். ஒன்பது நாள் வார்டில் இருந்தோம். நைட் டியூட்டிக்கு ஒரு சின்னப் பெண் வருவார். மூன்று வருட நர்ஸிங் டிப்ளமோ... அதாவது ஜி.என்.எம். முடித்து, வேலையில் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. ராத்திரி ரெண்டு மணிக்கு பி.பி. பார்க்க வரும்போது, தூங்காமல் உட்கார்ந்திருக்கும் என்னிடம் நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவார்.

ஒருநாள் கேட்டார்... ''சார், போஸ்ட் பேஸிக் பி.எஸ்ஸி. இப்பவே சேர்ந்துடலாமா, இல்ல கொஞ்ச வருஷம் வேலை பார்த்துட்டுப் போகலாமா?''

நமக்குத்தான் பி.காம். புத்தி ஆயிற்றே! உட்கார்ந்த இடத்திலேயே ஒரு பேலன்ஸ் ஷீட் போட்டேன். படிப்பு 2 வருடம். ஆக, ரெண்டு வருடச் சம்பளம் போச்சு. அதற்கு மேல் பீஸ், ஹாஸ்டல். பட்டம் வாங்கின பிறகு கூடப்போகிற சம்பளத்தை வைத்துப் பார்த்தால், போட்ட காசு திரும்பி வரவே பல வருடம் ஆகும். ''இப்ப வேண்டாம்மா. நாலு வருஷம் சம்பாதிச்சு, கையில கொஞ்சம் சேர்த்துக்கிட்டுப் போங்க'' என்றேன். தலையாட்டிவிட்டு, டெம்பரேச்சரைக் குறித்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் ராத்திரி ஒன்று நடந்தது.

பி.பி. சரி, ஜுரம் இல்லை, எல்லாவற்றையும் அந்தப் பெண் ஒழுங்காகக் குறித்துவிட்டுப் போனார். சற்று நேரத்தில் பக்கத்து வார்டு சீனியர் சிஸ்டர் ஏதோ எடுக்க வந்தவர், அப்பாவின் கட்டிலருகே நின்றார். ''என்ன தாத்தா, இன்னிக்கு யாரையும் திட்டலையா?'' என்று கேட்டார். பதில் இல்லை. அப்பாவின் விரல்கள் போர்வையைப் பிய்த்துக்கொண்டு இருந்தன. அதே ஐந்து நிமிடத்தில் டியூட்டி டாக்டர் வந்தார், ரத்தம் எடுத்தார்கள். சோடியம் ரொம்பவே குறைந்திருந்தது. ரெண்டு நாளில் அப்பா பழையபடி எல்லோரையும் திட்ட ஆரம்பித்துவிட்டார். (இவ்வளவு சந்தோஷமாகத் திட்டு வாங்கியது அப்போதுதான்.)

அந்தப் பெண் ஒரு தப்பும் செய்யவில்லை. கேஸ் ஷீட்டில் எந்த எண்ணும் பொய் இல்லை. ஆனால், 'இந்தக் கிழவர் இப்படி அமைதியாகப் படுத்திருக்கிற ஆளில்லையே' என்பதற்கு கேஸ் ஷீட்டில் கட்டம் கிடையாது. பட்ரீஷியா பென்னர் என்ற அமெரிக்க நர்ஸிங் பேராசிரியை 1984-ல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். புதிதாக வருகிற நர்ஸ் விதிகளைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். ஒரே மாதிரியான வார்டில் ரெண்டு, மூன்று வருடம் வேலை பார்த்த பிறகுதான் எது முக்கியம், எது காத்திருக்கலாம் என்று திட்டமிடும் பக்குவம் வருகிறது என்கிறார்.

அப்படியானால், 'வேலை பார்த்துட்டுப் போ' என்று நான் சொன்னது சரிதானே? நானும் அப்படித்தான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். அந்த சீனியர் சிஸ்டரிடம் பேசுகிற வரைக்கும்.

அவருக்கு 19 வருட சர்வீஸ். படிப்பு, அதே டிப்ளமோ. ''நானும் ரெண்டு வருஷம் பார்த்துட்டுப் படிக்கலாம்னுதான் சார் இருந்தேன்'' என்றார். அப்புறம் கல்யாணம், குழந்தை, மாமியாருக்குப் பக்கவாதம். ''எங்க இன்சார்ஜ் மேடம் இருக்காங்களே... அவங்களுக்கு முதல் ஊசி போடக் கத்துக்கொடுத்ததே நான்தான். டிகிரி இருக்கு, மேல போயிட்டாங்க. நல்ல பொண்ணு.'' கடைசி வார்த்தையைக் கோபமே இல்லாமல்தான் சொன்னார். எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது.

இன்னொரு விஷயமும் என் பேலன்ஸ் ஷீட்டில் விட்டுப்போயிருந்தது. 2014-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வந்தது. ஒன்பது ஐரோப்பிய நாடுகள், ஆபரேஷன் ஆன நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள். பட்டம் பெற்ற நர்ஸ்கள் 10 சதவிகிதம் அதிகமாக இருந்த ஆஸ்பத்திரிகளில், 30 நாட்களுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 சதவிகிதம் குறைவாக இருந்தது. பட்டம் மட்டுமேதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. இருந்தாலும், அந்தப் பெண் படிப்பதில் கட்டிலில் கிடக்கிற என் அப்பாவுக்கும் பங்கு இருக்கிறது, இல்லையா? லாபத்தில் நான், ஆஸ்பத்திரி, ஊர் எல்லோரும் கூட்டாளி. முதல் போடுவது மட்டும் அவள் ஒருத்தி. எந்த ஆடிட்டர் இதற்குக் கையெழுத்துப் போடுவார்?

நியூயார்க் மாநிலத்தில் 2017-ல் சட்டமே போட்டார்கள். புதிதாகப் பதிவு செய்யும் நர்ஸ், 10 வருடத்துக்குள் பட்டம் வாங்கியாக வேண்டும். நம் ஊரில் எய்ம்ஸ் நர்ஸிங் ஆபீஸர் தேர்வு எழுத வேண்டுமானால், பி.எஸ்ஸி-க்கு அனுபவம் கேட்பதில்லை. டிப்ளமோ என்றால், குறைந்தது 50 படுக்கை உள்ள ஆஸ்பத்திரியில் 2 வருட அனுபவம் வேண்டும். ரெண்டு வருட காலேஜும் ரெண்டு வருட வார்டும் அங்கே கிட்டத்தட்ட ஒரே எடை. எனக்கு அந்தக் கணக்கு பிடித்திருக்கிறது. முதலில் வார்டு, உடனே காலேஜ். நான் சொன்ன நாலு வருடம், ஆறாகும், பத்தாகும்.

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொல்லலாம் என்று காத்திருந்தபோதுதான், அவரே வேறொன்று சொன்னார். தம்பி இன்ஜினீயரிங் ரெண்டாம் வருடம். பீஸ் கட்டுவது இவர் சம்பளம்.

அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால், நானும் ஒரு தம்பி.

நான் பி.காம். சேர்ந்த வருடம், ப்ளஸ் டூ-வில் என்னைவிட நல்ல மார்க் எடுத்திருந்த என் அக்கா ஒரு ஜவுளிக் கடையில் பில் போட்டுக்கொண்டு இருந்தாள். ''தம்பி முடிக்கட்டும், அப்புறம் நீ படிக்கலாம்'' என்றார் அப்பா. நான் முடித்தேன். வேலையும் கிடைத்தது. அதற்குள் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தாகிவிட்டது. 'அப்புறம்' என்ற அந்த வார்த்தையை என் வீட்டில் யாரும் மறுபடி எடுக்கவில்லை. நானும்தான். வசதியாக இருந்தது, விட்டுவிட்டேன்.

வீட்டுக் கஷ்டத்துக்காகப் படிப்பைத் தள்ளிவைப்பது தப்பில்லை. எத்தனையோ வீடுகள் அதனால்தான் நிமிர்ந்தன. ஆனால், எந்த வீட்டிலும் தள்ளிவைக்கச் சொல்லி முதலில் திரும்பிப் பார்ப்பது பெண் பக்கம்தான். எதுவரைக்கும் என்று தேதி சொல்லாமல் ஒருவரைக் காத்திருக்கச் சொன்னால், அவருடைய வருடங்களை வட்டியில்லாக் கடனாக வாங்கிக்கொள்கிறோம் என்றுதான் அர்த்தம். திருப்பித் தரும் எண்ணம் நமக்கு உண்டா? உங்கள் வீட்டுக் கணக்கையும் கொஞ்சம் புரட்டிப் பாருங்களேன்.

டிஸ்சார்ஜ் அன்று காலை, ஷிப்ட் முடிந்து பையை மாட்டிக்கொண்டு கிளம்பிய அந்தப் பெண்ணை நிறுத்தினேன்.

''நாலு வருஷம்னு சொன்னேனே, அது தப்பும்மா. ரெண்டு வருஷம் இங்க இருங்க, அந்த சீனியர் சிஸ்டர் பின்னாலயே சுத்துங்க. எந்த வருஷம் காலேஜ் போறீங்கன்னு இப்பவே வீட்டுல சொல்லிடுங்க.''

''யார்கிட்ட சார்... அப்பாகிட்டயா?''

''தம்பிகிட்ட.''

சிரித்துவிட்டார். ''அவன் முடிக்கறதுக்கே இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு சார்'' என்றவர், ஒரு கணம் நின்று விரலை மடக்கி ஏதோ எண்ணினார். ''சரியாத்தான் வருது, இல்ல?'' என்றபடி ஏழு மணி பஸ்ஸுக்கு ஓடினார்.