இரக்கமும் உரிமையும்

இரக்கம் மிகுந்த சமுதாயத்துக்குச் சட்டம் எதற்கு என்று கேட்போர் நம்மிடையே பலர் உளர். நானும் ஒருகாலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தைக் கலைத்தது ஒரு பஸ் பயணம்.

பாடசாலை விடுமுறையில், இலண்டனில் வாழும் தமக்கையாரிடம் இரண்டு வயது மகளுடன் சென்றிருந்தேன். ஒரு மாலை பஸ்ஸில் திரும்புகையில் குழந்தை தள்ளுவண்டியிலேயே உறங்கிவிட்டாள். பஸ்ஸின் நடுவே இருந்த வெற்றிடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ஆறுதலாக அமர்ந்தேன். இரண்டு தரிப்புகள் கழிந்ததும் சக்கர நாற்காலியில் முதியவர் ஒருவர் ஏறுவதற்குக் காத்திருந்தார். அவ்விடம் அவருக்குரியது என்று சுவரில் எழுதப்பட்டிருந்தது. உறங்கும் குழந்தையைப் பார்த்தேன்; பின் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன். சாரதி கேட்டுக்கொண்ட பின்னரே எழுந்தேன். அந்த ஒரு நிமிடத் தாமதம் இன்றும் என்னை உறுத்துகின்றது.

இதே பிணக்கு அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது என்பதைப் பின்னர் அறிந்தேன். 2012 பெப்ரவரி 24ஆம் நாள், வெதர்பியிலிருந்து லீட்ஸ் செல்லும் பஸ்ஸில் ஏற வந்தார் டக் போலி என்பவர். சக்கர நாற்காலிக்குரிய இடத்தில், உறங்கும் குழந்தையின் தள்ளுவண்டியோடு ஒரு தாய் இருந்தார். வண்டியை மடக்க இயலாது என்று அவர் கூறவே, போலி அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்க நேர்ந்தது. ஐந்தாண்டு வழக்காடலின் பின், 2017 ஜனவரியில் தீர்ப்பு வந்தது: விலகும்படி ஒருமுறை கேட்பதோடு சாரதியின் கடமை முடிந்துவிடாது, மறுப்பு நியாயமற்றதெனக் கண்டால் அவர் மேலும் வற்புறுத்த வேண்டும், தேவையாயின் சிறிது நேரம் பஸ்ஸை நிறுத்தியும் வைக்கலாம்.

தாய், நடக்க இயலாதவர் ஆகிய இருவருள் எவருக்கு முதலிடம்? யார் அதிகம் இரங்கத்தக்கவர் என்று நிறுத்துப் பார்த்தால் விடை கிடைக்காது. யாருக்கு மாற்றுவழி உண்டு என்றே கேட்டல் வேண்டும். குழந்தையை மடியில் ஏந்தலாம். வண்டியைப் பெரும்பாலும் மடக்கலாம். நாற்காலியில் வந்தவருக்கோ அந்த ஓரிடத்தைத் தவிர வேறிடம் இல்லை. ஆயினும் பழி முழுவதையும் அத்தாயின்மேல் சுமத்துதல் தகாது. பொதுப் போக்குவரத்தையே நம்பி வாழும் இருவரை, ஒரு சிறு வெளிக்காகப் போட்டியிட வைத்த அமைப்பும் விசாரணைக்குரியதே.

இனி நம் மண்ணுக்கு வருவோம். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை செல்லும் பஸ்ஸில் கைக்குழந்தையுடன் ஏறுங்கள். முன்பின் அறியாத அம்மா ஒருவர், "பிள்ளையை இஞ்சை தாங்கோ" என்று மடியில் வாங்கிக்கொள்வார். இப்பண்பு போற்றத்தக்கது. ஆனால், நம் பஸ்களில் மேற்கூறிய பிணக்கு எழாததன் காரணம் இப்பண்பு என்று எண்ணிவிடலாகாது. சக்கர நாற்காலி நம் பஸ்ஸின் உயர்ந்த படியைத் தாண்டுவதேயில்லை! யுத்தத்தில் கால் இழந்தோர் பலர் வாழும் மண் இது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைக் காக்கும் சட்டம் இந்நாட்டில் 1996ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது. படி மட்டும் உயர்ந்தபடியே நிற்கின்றது. வராதவருக்கு இடம் கொடுக்க மறுத்த குற்றம் எவரையும் சாராதன்றோ?

மற்றொன்றையும் மனங்கொள்ளல் வேண்டும். தனியார் கம்பெனிகள் பஸ் ஓட்டிய காலத்தில், ஒடுக்கப்பட்ட சாதியினர் கட்டணம் செலுத்தியும் ஆசனத்தில் அமர முடியாதிருந்தனர். நின்றும் தரையில் குந்தியுமே பயணம் செய்தனர். அன்றும் இரக்கமுள்ள மடிகள் இருந்தன. அம்மடிகள் எல்லாக் குழந்தைகளுக்கும் நீளவில்லை. போராட்டங்களின் விளைவாக 1957இல் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் வந்தது. 1958 ஜனவரியில் பஸ் சேவை தேசியமயமாயிற்று. மனங்கள் ஒரே நாளில் மாறிவிடவில்லை. எனினும், ஆசனத்தில் அமர்வதற்குப் பிறர் தயவை நாட வேண்டியதில்லை என்ற நியாயம் நிலைபெற்றது.

இரக்கம் தனக்கு உகந்தவரைத் தேர்ந்தெடுக்கும். உரிமைக்கு அத்தேர்வு இல்லை. அதே வேளை, உரிமை சுவரில் எழுதப்பட்டிருந்தும் முகந்திருப்பியவன் நான். ஆகவே மனம் விழித்திராவிடின் சட்டமும் வெறும் எழுத்தாகிவிடும்.

ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே, நமது பஸ்ஸில் அடுத்த முறை ஏறும்போது, இடம் பெற்றவர்களை எண்ணுவதோடு நின்றுவிடாதீர்கள். தரிப்பிடத்துக்கே வர இயலாது வீட்டிலிருப்பவரையும் எண்ணுங்கள். அந்தப் படியைத் தாழ்த்தும்படி கேட்கும் பொறுப்பு, ஏறிவிட்ட நம்முடையது.