கூடிக் கண்ட காட்சி

நடத்தல் தனிமைக்குரிய செயல் என்னும் எண்ணம் மேலைத்தேய எழுத்திலே ஆழ வேரூன்றியுள்ளது. ரூசோ தமது இறுதி நூலிலே தம்மைத் தனித்து உலாவுபவராகவே காட்டினார். நாட்டுப்புறத்தில் நடப்பதற்குத் துணை வேண்டியதில்லை என 1822இல் ஹஸ்லிற் வாதிட்டார். எனினும், நண்பர் கூடி நடக்கையில் ஒருவர் சுட்டியதை மற்றவர் காண்கிறார்; ஒருவர் தொடங்கிய எண்ணத்தை மற்றவர் முடிக்கிறார். அவ்வாறு கிடைத்ததை ஒருவர் பின்னர் தம் பெயரில் எழுத்தாக்கும்போது ஓர் அறவினா எழுகின்றது. கூடிக் கண்ட காட்சி யாருக்கு உரியது?

இவ்வினாவைத் தெளிவுறுத்த 1798ஆம் ஆண்டுக் குளிர்காலத்தின் பிற்பகுதி துணைசெய்யும். இங்கிலாந்தின் சமசெற் பகுதியிலுள்ள குவான்ரொக் குன்றுகளிடையே அப்போது மூவர் அடிக்கடி நடந்து திரிந்தனர். வில்லியம் வேட்ஸ்வேர்த்தும் அவர் தங்கை டொறதியும் அல்பொக்ஸ்டன் இல்லத்தில் வாழ்ந்தனர். அவர்தம் நண்பர் கோல்றிட்ஜ் சில மைல் தொலைவிலுள்ள நெதர் ஸ்ரோவியில் வாழ்ந்தார். அவ்வாண்டு ஜனவரி 20ஆம் திகதி முதல் டொறதி நாட்குறிப்பு எழுதலானார். இலையுதிர்ந்த மரங்களும், முகில் விலக வெளிப்படும் நிலவும், தொலைவிற் கேட்கும் கடலோசையும் அதிற் பதிவாயின.

மார்ச் 7ஆம் திகதிக் குறிப்பிலே, மரவுச்சியில் எஞ்சிநின்ற ஒற்றையிலை காற்றிற் சுழன்றாடியது கூறப்படுகின்றது. கோல்றிட்ஜின் ‘கிறிஸ்ரபெல்’ என்னும் கவிதையிலும் அத்தகைய ஒற்றையிலை ஆடுகின்றது. கண்டவர் டொறதி, எடுத்தாண்டவர் கோல்றிட்ஜ் என்று முடிவுகட்டுவது எளிது. ஆனால் அக்கவிதையின் முதற்பகுதி 1797இலேயே எழுதப்பட்டது என்று, 1816இல் அது நூலாக வெளிவந்தபோது, முன்னுரையில் அவர் குறிப்பிட்டார். பிறரைப் பின்பற்றினார் என்னும் பழி தம்மைச் சாராதிருக்கவே ஆண்டுகளை எடுத்துரைத்தார். அவர் கூற்றை ஏற்பின், கடன் எதிர்த்திசையிற் சென்றிருக்கவும் கூடும். நாள்தோறும் கூடிப் பேசியோரிடையே முதலுரிமை தேடுவது, ஒன்றாய்க் கலந்த நீரை ஓடைவாரியாகப் பிரிக்க முயல்வதை ஒக்கும்.

எனவே உரிமை என்ற சொல் இவ்விடத்திற் பொருந்தாது. அதனால் கடமையும் இல்லை எனக் கொள்ளலாமா? இதற்கு விடைகாணப் பிற்காலத்து நடை ஒன்றும் நோக்கத்தக்கது. 1802 ஏப்ரல் 15ஆம் திகதி, வட இங்கிலாந்தின் அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் அண்ணனும் தங்கையும் டபடில் மலர்களைக் கண்டனர். அன்றைய நாட்குறிப்பில் டொறதி அவற்றை விரிவாக வருணித்தார். 1807இல் வெளியான வேட்ஸ்வேர்த்தின் கவிதையிலோ மலர்களைக் காண்பவர் ஒருவரே, உடன்வந்தவர் இல்லை. ஆயினும் அதே தொகுதியில் இடம்பெற்ற வேறொரு கவிதையில், தமது காட்சிக்கும் கேள்விக்கும் தங்கைக்குக் கடன்பட்டிருத்தலை அவர் ஒப்புக்கொள்கிறார். ஒரு தொகுதிக்குள்ளேயே மறைத்தலும் உணர்த்தலும் அருகருகே நிற்கின்றன.

கவிதை சாட்சியப் பத்திரம் அன்று. தனிமையின் அனுபவத்தைப் புனையுமிடத்துத் துணையை நீக்குவது கவிஞனின் சுதந்திரம் என்பர் சிலர். இது தக்க வாதமே. டொறதி மனமுவந்தே வழங்கினார் என்பதும், அண்ணனை மகிழ்விக்கும் நோக்குடனேயே 1800இல் மீண்டும் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார் என்பதும் உண்மை. ஆயின், கொடுத்தவர் கேளாமை பெற்றவரின் கடனைத் தீர்ப்பதில்லை. கொடையாளி திருப்பிக் கேட்கும் உரிமையைத் துறக்கிறார். பெற்றவர் நினைவுகூரும் பொறுப்பை ஏற்கிறார். செய்ந்நன்றி அறிதலைத் தமிழர் அறமாக வகுத்தமையும் இதனாலேயே. அது விலைகொடுத்துத் தீர்க்கும் கடனன்று.

நட்பின் கூட்டுவாழ்வு, கால்நடைகள் ஓரிடத்தில் மேய்வது போன்றதன்று. அது உரையாடலையும் சிந்தனையையும் பகிர்தலே என அரிஸ்ரோட்டில் கருதினார். அறிவுலகிற்கும் இது பொருந்தும். படித்த நூலுக்கு அடிக்குறிப்பில் இடமுண்டு. விடுதி அறையிலோ வீதியிலோ ஓர் எண்ணத்தைத் தூண்டிய தோழனுக்கு இடமில்லை. அவன் அதை வேண்டுவதுமில்லை. 1855இல் டொறதி மறைந்தபோது அவருடைய அல்பொக்ஸ்டன் நாட்குறிப்பு அச்சேறியிருக்கவில்லை. கூடிக் கண்டதை ஒருவர் எழுதலாம். தனித்தே கண்டதாகத் தம்மையே நம்பவைத்துக்கொள்வதுதான் தவறு.