தோல்வி யாருடையது?

கோலாலம்பூரில் ஆட்டம் முடிந்து மெர்டேக்கா விளையாட்டரங்கத்தின் விளக்குகள் அணைந்த பின்னர், சிங்கப்பூரிலிருந்து சென்றிருந்த இரசிகர்களுக்கு நெடுவழி எஞ்சியிருந்தது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994ஆம் ஆண்டில்தான் முழுமை பெற்றது. எழுபதுகளில் சிரம்பான், தம்பின், கிம்மாஸ், சிகாமட், யோங் பெங், ஆயர் ஈத்தாம் என ஊர்தோறும் புகுந்து புறப்படும் பழைய சாலையே பேருந்துகளுக்கு வழி. முந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு. இருபுறமும் இருளில் உறங்கும் இரப்பர்த் தோட்டங்கள். வென்ற இரவில் அந்த வழி பாட்டிலும் கூச்சலிலும் கரைந்துவிடும். தோற்ற இரவிலோ ஒவ்வொரு மைல்கல்லும் தனித்தனியே எதிரில் வந்து நிற்கும். சுருட்டிய கொடி இருக்கைக்கு அடியில் கிடக்கும். தொண்டை கட்டியிருக்கும், பேசவும் மனம் இராது.

இத்தகைய இரவுகளைச் சிங்கப்பூர் இரசிகர்கள் நன்கு அறிந்தவர்கள். 'மலாயா' என்னும் போர்க்கப்பலின் மாலுமிகள் வழங்கிய கிண்ணத்திற்காக 1921ஆம் ஆண்டில் தொடங்கிய போட்டி, 1967 முதல் மலேசியக் கிண்ணம் எனப் பெயர் பெற்றது. 1975 தொடங்கி 1981 முடிய ஏழு ஆண்டுகளும் சிங்கப்பூர்க் குழு அதன் இறுதியாட்டத்தை எட்டியது. அவற்றுள் ஐந்தில் தோற்றது. ஐந்தும் சிலாங்கூரிடம்; ஐந்தும் கோலாலம்பூரில். 1975இல் ஒன்றுக்குச் சுழி, 1976இல் மூன்றுக்குச் சுழி, 1978இல் நான்குக்கு இரண்டு, 1979இல் இரண்டுக்குச் சுழி, 1981இல் நான்குக்குச் சுழி. எண்களாகப் பார்த்தால் இவை மிகச் சிறியவை. ஆனால் ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் அந்தப் பழைய சாலையில் ஓர் இரவு இருக்கிறது.

அவ்விரவில் இரசிகன் எதை இழந்தான்? அவன் நிலம் பறிபோகவில்லை. வீட்டில் சாவு விழவில்லை. நுழைவுச்சீட்டுக்கும் பேருந்துக்கும் கொடுத்த பணம், வென்றிருந்தாலும் திரும்பி வந்திருக்காது. பந்தை உதைத்தவன் அவன் அல்லன். தவறவிட்டவனும் அவன் அல்லன். பிறர் ஆடிய ஆட்டத்தில் பிறர் அடைந்த தோல்விக்கு அவன் வருந்துவது அறிவுடைமையாகுமா? வருத்தம் சினமாக மாறி, ஆடியவர்களையே ஏசுவது அறமாகுமா? விளையாட்டுத்தானே என்று இவ்வினாக்களைத் தள்ளிவிடுவது எளிது. ஆனால் மனிதன் தன்னைவிடப் பெரிய ஒன்றோடு எவ்வாறு தன்னைப் பிணைத்துக் கொள்கிறான், அந்தப் பிணைப்பு அவனுக்கு எந்த உரிமையைத் தருகிறது என்னும் கேள்விகள் இவற்றுள் அடங்கியிருக்கின்றன.

இங்கே மொழி ஒரு குறிப்பைத் தருகிறது. தன்மைப் பன்மைக்குத் தமிழில் இரண்டு சொற்கள் உண்டு. கேட்பவனையும் உளப்படுத்துவது 'நாம்'. அவனை விலக்கி நிறுத்துவது 'நாங்கள்'. வகுப்பறையில் இந்த வேறுபாட்டை விளக்க எடுத்துக்காட்டுத் தேடும் ஆசிரியர், ஆட்டம் முடிந்த மறுநாள் காலை ஏதேனும் ஒரு தேநீர்க்கடைக்குச் செல்லலாம். குழு வென்றிருந்தால் அங்கே ஒலிப்பது 'நாம் வென்றுவிட்டோம்' என்பது. முன்பின் அறியாதவனும், காற்பந்தையே விரும்பாத கடைக்காரனும்கூட அந்த 'நாம்' என்பதற்குள் இழுக்கப்படுவார்கள். வெற்றிக்கு வாசல் அகலம். குழு தோற்றிருந்தாலோ, 'தோற்றுவிட்டார்கள்' என்பதே பேச்சு. முன்னாள் மாலைவரை தன்மையில் இருந்த குழு ஓரிரவில் படர்க்கைக்குப் போய்விடுகிறது. இலக்கணம் அறியாதவனும் இதில் பிழை செய்வதில்லை என்பதுதான் வியப்பு.

இந்த இடமாற்றமே முதற்குற்றம் எனலாம். வருத்தம் குற்றமன்று, வருந்துகிறவன் இன்னும் தன்மையில்தான் நிற்கிறான். ஏசுகிறவனோ படர்க்கைக்குச் சென்ற பிறகே ஏச முடியும். தன்னைத் தோல்வியிலிருந்து கழற்றிக்கொண்டு, எஞ்சியவர்கள்மீது அதை முழுமையாகச் சுமத்துகிறான். வென்றால் பங்கு கேட்பவன், தோற்றால் கணக்குக் கேட்கிறான். வணிகத்தில் இப்படி ஒரு கூட்டாளி இருந்தால் அவனை என்னவென்று அழைப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு இரசிகன் தரும் விடை வலிமையற்றதன்று. 'பணம் கொடுத்தேன், ஒருநாள் கூலியை இழந்தேன், இரவெல்லாம் பயணம் செய்தேன், ஆடுகிறவர்கள் எனக்குக் கடன்பட்டவர்கள்' என்பான் அவன். கடன் உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆனால் எதற்கான கடன் என்பதே கேள்வி. நுழைவுச்சீட்டு ஓர் இருக்கையை வாங்கித் தருகிறது. வெற்றியை வாங்கித் தருவதில்லை. வெற்றி விலைக்குக் கிடைப்பதாயின் அதைக் காண ஒருவரும் சாலையில் இரவைக் கழிக்கமாட்டார்கள். தோற்கக்கூடும் என்பதால்தான் அந்தப் பயணத்திற்கே பொருள் வந்தது. தோல்வியின் வாய்ப்பை விரும்பி ஏற்றுச் சென்றவன், அது வந்ததும் ஏமாற்றப்பட்டதாகக் கூறுவது முறையாகாது.

எனினும் ஆட்டக்காரன் மெய்யாகவே பட்டிருக்கும் கடன் ஒன்று உண்டு. அது நேர்மை. 1994, 1995ஆம் ஆண்டுகளில் மலேசிய, சிங்கப்பூர்க் காற்பந்துலகில் கையூட்டுப் பெற்று ஆட்டங்களை விற்ற செய்திகள் வெளிப்பட்டன. ஆட்டக்காரர்கள் பலர் தண்டிக்கப்பட்டனர். அப்போது எழுந்த சினம் அறச்சினம். ஏனெனில் அங்கே இரசிகன் இழந்தது வெற்றியை அன்று. தான் கண்டது ஆட்டம் என்னும் நம்பிக்கையை. தவறவிட்ட பந்துக்கும் விற்றுவிட்ட பந்துக்கும் இடையே மலையளவு வேறுபாடு. கொடுமை என்னவெனில், பார்வையாளர் இருக்கையிலிருந்து பார்ப்பவனுக்கு அவை இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆகவேதான் சான்று இல்லாத இடத்தில் 'விலைபோய்விட்டான்' என்று வாய்கூசாமல் கூறுவது, தோற்ற ஒருவனிடம் எஞ்சியிருக்கும் ஒரே பொருளையும் பறிப்பதாகிறது.

இச்சினம் எல்லை மீறினால் எங்கே போய் நிற்கும் என்பதை அதே 1994ஆம் ஆண்டு உலகுக்குக் காட்டியது. உலகக் கிண்ணப் போட்டியில் அமெரிக்காவை அதன் சொந்த மண்ணில் எதிர்த்த கொலம்பியக் குழு, இரண்டுக்கு ஒன்று என்னும் கணக்கில் தோற்றது. அந்த இரண்டில் ஒன்று, கொலம்பியத் தற்காப்பாளர் ஆந்திரேஸ் எஸ்கோபாரின் காலில் பட்டுத் தம் வலைக்குள்ளேயே புகுந்த பந்து. பத்து நாட்கள் கழித்து, தம் சொந்த ஊராகிய மெடலினில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவர்களின் உள்நோக்கம் குறித்துப் பலவாறு பேசப்படுகிறது. ஆனால் ஒரு காலிடறலுக்கும் ஓர் உயிருக்கும் இடையே தொடர்பு இருக்கக்கூடும் என்று உலகம் உடனே நம்பியதே, அவ்விளையாட்டைச் சூழ்ந்திருந்த வெறியின் அளவைக் காட்டப் போதுமானது.

அவ்வாறாயின், பற்றையே விட்டொழித்தால் என்ன என்று கேட்கலாம். பற்று இல்லையேல் ஏமாற்றம் இல்லை. ஏமாற்றம் இல்லையேல் சினம் இல்லை. கேட்பதற்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் வள்ளுவர் வெகுளாமை என்னும் அதிகாரத்தைத் துறவறவியலில் வைத்தார் என்பதை இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும். சினத்தை வேரோடு களைவது துறவியின் இலக்கு. இருபதாயிரம் பேர் நடுவே கொடியை அசைத்துக்கொண்டு நிற்பவனைத் துறவி என்று எவரும் மயங்கமாட்டார்கள். அவனுக்குப் பொருந்துவது, அதே அதிகாரம் தொடங்கும் இடத்தில் உள்ள எளிய கருத்து: தன் சினம் பலிக்கக்கூடிய இடத்தில் அதை அடக்குகிறவனே அடக்குகிறவன்; பலிக்காத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன என்பது. தனியொருவனாக இருக்கும் இரசிகன் தன்னை வலிமையற்றவன் என்றே நினைக்கிறான். தன் ஏச்சு ஆடுகளத்தை எட்டவா போகிறது என்று கருதுகிறான். ஆனால் ஐம்பத்தையாயிரம் பேர் அமரும் காலாங் தேசிய விளையாட்டரங்கில் எழுந்த ஆரவாரம் எதிர்க்குழுவைக் கலங்கடித்தது உண்மையானால், அதே கூட்டத்தின் பழிச்சொல் பதினொருவர் நெஞ்சைத் துளைப்பதும் உண்மையாகத்தான் இருக்க வேண்டும். வாழ்த்துக்கு வலிமை உண்டு, வசைக்கு இல்லை என்று கணக்கிட முடியாது. அவன் சினம் பலிக்கும் இடத்தில்தான் நிற்கிறான்.

அயலூரில் ஆடுவது, அயலூர் சென்று காண்பது ஆகியவற்றின் தனித்தன்மையைத் தமிழ் இலக்கியம் மிகப் பழங்காலத்திலேயே கண்டிருக்கிறது. போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்னும் சோழன் ஆமூரில் மல்லன் ஒருவனோடு பொருத காட்சியைப் பாடிய புலவர்களுள் நக்கண்ணையார் ஒருவர். புறநானூற்றின் 85ஆம் பாட்டில் அவர் காட்டுவது களத்தைக் காட்டிலும் பார்வையாளர்களையே. அவ்வூரும் அந்நாடும் அவனுக்கு உரியன அல்ல. எனவே சூழ்ந்து நிற்போர் ஒரு சாரார் வெற்றி அவனது என்கின்றனர். மற்றொரு சாரார் அன்று என்கின்றனர். அவனை விரும்பும் பெண்ணோ சிலம்பொலிக்க ஓடிச்சென்று, தன் வீட்டருகே நின்ற பனையின் அடிமரத்தைச் சார்ந்து நின்று தானே பார்க்கிறாள், வெற்றியைக் காண்கிறாள். இரண்டாயிரம் ஆண்டுகளை ஒட்டிய அப்பாட்டில் அயல் மண்ணின் ஆட்டம் அப்படியே இருக்கிறது. நடுவர்களின் தீர்ப்பையும் ஊராரின் கூச்சலையும் நம்பாமல், தன் கண்ணாலேயே பார்த்துவிட வேண்டும் என்னும் துடிப்பு இருக்கிறதே, அதுவே இரசிகனைப் பேருந்தில் ஏற்றுகிறது.

அவன் தோற்றிருந்தால் அவள் என்ன செய்திருப்பாள்? பாட்டு அதைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் நேரவில்லை. ஆயினும் பனைமரத்தைச் சார்ந்து நின்றவள் அவனைப் படர்க்கைக்குத் தள்ளிவிட்டு வீட்டுக்குள் போயிருப்பாள் என்று நினைக்க மனம் ஒப்பவில்லை. ஊரார் பேச்சு வேறு, ஓடிவந்து பார்த்தவளின் நிலை வேறு. அவள் சான்றாக நின்றவள். அயலூரில் ஆடுகிறவனுக்கு அத்தகைய சான்றுகள் மிகச் சிலரே. அந்தச் சிலரும் கைவிட்டால் அவன் தோல்வி இரு மடங்காகும்.

ஏமாந்த இரசிகன் பேச்சில் வேறொரு குறையும் உண்டு. அதைப் பலரும் கவனிப்பதில்லை. 'தற்காப்பாளன் தூங்கினான், பயிற்றுநர் மாற்றாளை இறக்கப் பிந்தினார், நடுவர் கண்மூடினார்' என்று காரணங்கள் நீளும். அந்தப் பட்டியலில் எதிர்க்குழு இராது. ஆடுகளத்தில் தன் குழு ஒன்றே இருந்தது போலவும், அது சரியாக ஆடியிருந்தால் கிண்ணம் தானே வந்திருக்கும் என்பது போலவும் அவன் பேசுகிறான். இது துயரத்தின் உடை உடுத்திய செருக்கு. எழுபதுகளின் சிலாங்கூர்க் குழு எளிய குழுவா? மொக்தார் டஹாரியும் சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும் ஆடிய குழு அது. கோலைக் காத்து நின்றவர் ஆறுமுகம். நீண்ட கைகளுக்காக 'சிலந்தி மனிதர்' என்று பெயர் பெற்றவர். சிங்கப்பூரிலிருந்து சென்ற தமிழ் இரசிகன், தன் குழுவின் பந்தைத் தடுத்த அந்தக் கைகளைக் கண்டு எப்படி உணர்ந்திருப்பான்? சிங்கப்பூர்க் குழுவிலும் இராஜகோபால், சூரியமூர்த்தி என்று தமிழ்ப்பெயர்கள் உண்டு. கிள்ளானிலோ பெட்டாலிங் ஜெயாவிலோ இருக்கும் சிற்றப்பா மகன் அன்றிரவு எதிர்ப்பக்கத்தில் அமர்ந்து கைதட்டியிருப்பான். உறவு அங்கே, குழு இங்கே. எதிரியை அரக்கனாக எண்ணுவதற்கு அந்த இரசிகனுக்கு வழியே இல்லாமல் போயிற்று. அது அவனுக்குக் கிடைத்த நற்பேறு என்றே கருத வேண்டும்.

அந்தச் சிற்றப்பா மகனிடம் மறுநாள் தொலைபேசியில் பேசும்போது 'தோற்றுவிட்டார்கள்' என்று ஒதுங்கவும் இடமில்லை. 'நாம்' என்று சொல்லவும் வழியில்லை. 'நாங்கள் தோற்றோம், நீங்கள் நன்றாக ஆடினீர்கள்' என்றுதான் சொல்ல வேண்டும். விலக்கும் தன்மைப் பன்மை அங்கே பெருமிதத்தோடு நிற்கிறது. தோல்விக்கு நேரே நின்று அதைத் தன்னது என்று ஏற்கும் சொல், வெற்றிநாளின் 'நாம்' என்பதைவிட எடை மிகுந்தது.

ஏற்றவர்களுக்குக் காலம் ஈடுசெய்யும் என்று கூறி முடிக்க ஆசை எழலாம். சான்றும் இருக்கிறது. 1976இல் தோற்றபின் 1977இல் பினாங்கை மூன்றுக்கு இரண்டு என வென்ற இறுதியாட்டம். கூடுதல் நேரத்தில் குவா கிம் சோங் அடித்த கோல். 1978, 1979 என்று இருமுறை வீழ்த்திய அதே சிலாங்கூரை 1980இல் இரண்டுக்கு ஒன்று என வீழ்த்திய நாள். வெற்றிக் கோலை அடித்த இளைஞர் ஃபாண்டி அகமது. பொறுத்தவர்கள் பூமியாண்டார்கள் என்று இதைப் பாடம் சொல்லலாம்தான். ஆனால் அடுத்த ஆண்டு நான்குக்குச் சுழி. பற்று என்பது வட்டிக்குக் கொடுத்த பணமாக இருந்தால், 1981இல் அது முழுகிப்போன கணக்கு. 1980இல் மகிழ்ந்தவர்களே 1981இலும் சென்றார்கள். போன ஆண்டின் மகிழ்ச்சி இந்த ஆண்டின் இரவைச் சுருக்கவில்லை.

அந்த இரவிலும் பேருந்துகள் பழைய சாலையில் தெற்கு நோக்கி வந்திருக்கும். விடியும் வேளையில் ஜொகூர் பாருவில் வரிசையாக நின்று கடப்பிதழ்களை எடுத்திருப்பார்கள். தந்தையின் தோளில் தூங்கி விழித்த ஏதோ ஒரு சிறுவன், அடுத்த ஆண்டு முதல் ஆட்டம் எப்போது என்று கேட்டிருக்கக்கூடும். எப்போதும்போல் வரும் என்றுதான் தந்தை சொல்லியிருப்பார். சிங்கப்பூர்க் குழு மீண்டும் அப்போட்டியில் கலந்துகொண்டது 1985இல்.