பங்கீட்டு அரிசியும் பிறசிநேகமும்



திருச்சபை பிறந்து நெடுநாளாகுமுன்னே ஜெருசலேம் விசுவாசிகளுக்குள் ஒரு முறுமுறுப்பு எழும்பிற்று. அது வேதசத்தியத்தைப் பற்றியதன்று, சாப்பாட்டைப் பற்றியது. தினந்தோறும் நடந்த தர்மப் பங்கீட்டில் கிரேக்க பாஷை பேசும் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்பதே முறைப்பாடு. அப்போஸ்தலர் நடபடி ஆகமம் 6-ம் அதிகாரத்தில் இதைக் காணலாம். அப்போஸ்தலர்கள் முறையிட்டவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. குறையிருக்கிறதென்று பங்கீட்டை நிறுத்தவுமில்லை. நற்சாட்சி பெற்ற ஏழுபேரைத் தெரிந்தெடுக்கச் சொல்லி, அவர்களிடம் அவ்வேலையை ஒப்புவித்தார்கள். அந்த ஏழுபேரும் கிரேக்கப் பெயருள்ளவர்கள். அவர்களில் ஒருவரே அர்ச். முடியப்பர்.

நமது ரேஷன் கடையைப் பற்றியும் நம்மிடையே மூன்று விதமான பேச்சுகள் நடமாடுகின்றன. அவற்றை ஒவ்வொன்றாய் ஆராய்வோம்.

முதலாவது: “கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவனுக்கு இலவச அரிசி எதற்கு? ஏழைகளுக்கு மாத்திரம் கொடுத்தால் போதாதா?” 1997-ல் மத்திய சர்க்கார் அப்படித்தான் மக்களை வறுமைக்கோட்டுக்கு மேல், கீழ் என்று பிரித்தது. தமிழ்நாடு அதற்கு இணங்காமல் எல்லோருக்கும் கடையைத் திறந்தே வைத்தது. 2008 செப்டம்பரில் கிலோ ஒரு ரூபாயாயிருந்த அரிசி, 2011 ஜூன் முதல் இலவசமாயிற்று. 2013-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டம் நம் ஜனங்களில் ஏறக்குறைய பாதிப்பேரையே சேர்த்துக்கொண்டது. 2016 நவம்பரில் அது இங்கே அமலுக்கு வந்தபோதும், மற்றவர்களை மாநில சர்க்கார் கைவிடவில்லை.

இது வீண் தாராளமா? 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா தொழிற்சாலை நின்றுபோனதை நினைத்துக்கொள்ளுங்கள். அக்டோபரில் மாதச் சம்பளக்காரராயிருந்தவர்கள் நவம்பரில் வேலையற்றவர்களானார்கள். முந்தின வருஷம் எழுதிய ஏழைகள் ஜாபிதாவில் அவர்கள் பெயர் எப்படி இருக்கும்? ஜல்லடை போட்டுச் சலிக்கும்போது முதலில் கீழே விழுகிறவன், சிபாரிசு செய்ய ஆளில்லாத ஏழையே. ஆகையால் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கட்டும். ஆனால் தேவையில்லாதவன் தானாக ஒதுங்கிக்கொள்ளட்டும். அரிசிக் கார்டைச் சர்க்கரைக் கார்டாக மாற்றிக்கொள்ள வழியிருக்கிறது. சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில் மனச்சாட்சி பேசவேண்டும்.

அரிசியை வாங்கி வியாபாரிக்கு விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது பாலிஷ் போடப்பட்டோ, மாவாக அரைக்கப்பட்டோ, கோழித் தீவனமாகவோ திரும்பிவருகிறது. வனாந்தரத்தில் மன்னாவை மறுநாளுக்கென்று பதுக்கிவைத்தவர்களுக்குப் புழுதான் மிஞ்சிற்று. பிள்ளையின் மருந்துக்காக இரண்டு கிலோ அரிசியை விற்ற தாயும், மூட்டை மூட்டையாய்ச் சேர்த்துக் கடத்துகிறவனும் சர்வேசுரனுக்கு முன்பாக ஒன்றல்ல. ஆனால் கஷ்டமேயின்றி விற்கிறவன் அந்தக் கடத்தல்காரனுக்குக் கைகொடுக்கிறான்.

இரண்டாவது: “அரிசிக்குப் பதிலாகப் பணமே கொடுத்துவிடலாமே.” புதுச்சேரியில் அப்படிச் செய்து பார்த்தார்கள். ரேஷன் கடைகள் மூடப்பட்டு, பாங்கிக் கணக்கில் பணம் போடப்பட்டது. ஜனங்கள் அரிசியே வேண்டுமென்று கேட்க, 2024-ல் கடைகள் மறுபடியும் திறக்கப்பட்டன. காரணத்தை நமது தாய்மார்களே சொல்வார்கள். விலை ஏறினால் பணம் சுருங்கும். இருபது கிலோ அரிசி இருபது கிலோவாகவே இருக்கும். குடிகாரப் புருஷனுடைய கைக்குப் பணம் தப்புவது கடினம். அரிசியோ பெரும்பாலும் அடுப்பைச் சேரும். பாங்கி எட்டிய இடத்தில் பணமும் நன்மை செய்யலாமென்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் யாருக்காகச் சீர்திருத்தமோ, அவர்களைக் கேட்காமல் செய்வது சீர்திருத்தமாகாது.

மூன்றாவது பேச்சு எனக்கு அதிக விசனத்தைத் தருகிறது: “வடநாட்டான் வந்து நம் அரிசியை வாங்கிப்போகிறானே!” பிரியமானவர்களே, 2020 அக்டோபரில் ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ முறை தமிழ்நாட்டில் அமலுக்கு வந்தது. ஒடிசாவிலோ பீகாரிலோ உணவுச் சட்டத்தின் கீழ் கார்டு உள்ளவர், இங்கே விரல் ரேகை வைத்துத் தமக்குரிய பங்கைப் பெறலாம். அவர் உங்கள் பங்கை எடுக்கவில்லை. தம்முடைய பங்கையே கேட்கிறார். ஒரகடத்துத் தொழிற்சாலைகளிலே உழைக்கும் அவர், பாஷை தெரியாமல் கடைவாசலில் நிற்கும்போது, ஜெருசலேமின் அந்தக் கிரேக்க விதவையல்லாமல் வேறு யார்? அறுவடையில் சிந்திய கதிர்களை ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவிடும்படி லேவியராகமத்தில் ஆண்டவர் கட்டளையிட்டதை மறக்கலாமா?

ஆகவே இந்த மாதம் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். எடை குறைந்தாலும், வாங்காத பொருளுக்குக் கைப்பேசியில் செய்தி வந்தாலும், சண்டையிடாமல் 1967 என்ற எண்ணில் முறையிடுங்கள். ரேகை விழாத கைகளையுடைய முதியோருக்குத் துணைபோங்கள். வீட்டிற்கே பொருள் கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கப்பட்டதல்லவா? அவர்களுக்கு அது கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். வின்சென்ட் தே பவுல் சபையார் தங்கள் தெருவிலுள்ள வெளிமாநிலக் குடும்பமொன்றைக் கடைக்கு அழைத்துச் சென்று, பேச்சுத்துணையாய் நிற்கக்கடவார்கள்.

பங்கீடு செவ்வையானபின் ஜெருசலேமில் விசுவாசிகளின் தொகை பெருகிற்றென்று அதே அதிகாரம் சொல்லுகிறது. அந்த வரப்பிரசாதம் நமது பங்குக்கும் கிடைக்கும்படி தேவமாதாவை மன்றாடுவோமாக. ஆமென்.

உங்கள் பங்குக்குரு