இறாலுக்கு ஈடு உண்டு!

"அந்நிய நாட்டான் ஆலை அழிந்துபோனால், அவனுக்கு யார் ஐயா பணம் கொடுப்பார்கள்?" என்று கேட்டான் என் மாணவன். மணவாள நகர்ப் பிள்ளை. தந்தை ஆலைத் தொழிலாளி. அன்று நான் சொன்னது அரைகுறை விடை. முழு விடை மட்டக்களப்பிலே இருக்கிறது, தோழர்களே!

1980இல் பிரிட்டனும் இலங்கையும் உடன்படிக்கை ஒன்று செய்துகொண்டன. ஒரு நாட்டார் மறு நாட்டில் போடும் முதலுக்கு முழுப் பாதுகாப்பு! இருவருக்கும் ஒரே விதி, ஏட்டளவில். கொழும்புச் செல்வர் எத்தனை பேர் லண்டனிலே ஆலை கட்டினர்? பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த ஹாங்காங்குக்கும் 1981இல் அது நீட்டப்பட்டது. அந்த ஹாங்காங்கின் ஏசியன் அக்ரிகல்சுரல் புராடக்ட்ஸ் என்ற கம்பெனி, மட்டக்களப்பு இறால் பண்ணையொன்றிலே பங்கு வாங்கியது.

1987 ஜனவரி இறுதியில் அப்பண்ணைக்குள் புகுந்தது அரசின் அதிரடிப்படை. பண்ணை பாழாயிற்று. பணியாளர் இருபதுக்கும் மேற்பட்டோர் பிணமாயினர். புலிகளின் புகலிடம் என்றது அரசு.

வாஷிங்டனிலே உலக வங்கியின் துணையோடு இயங்கும் முதலீட்டுத் தகராறு மன்றத்தின் கதவைத் தட்டியது கம்பெனி. இத்தகைய உடன்படிக்கையைக் காட்டி அங்கே தொடுக்கப்பட்ட முதல் வழக்கு அதுதான். கேட்டது 80 லட்சம் டாலருக்கு மேல்; 1990 ஜூனில் கிடைத்தது 4,60,000 டாலரும் வட்டியும்.

தொகையை விடுங்கள், காரணத்தைப் பாருங்கள். ஐயத்துக்குரியோர் பண்ணையில் இருந்திருப்பின், நிர்வாகத்திடம் கூறி அமைதியாக அவர்களை வெளியேற்றியிருக்கலாம். அந்த முன்னெச்சரிக்கையை அரசு மேற்கொள்ளவில்லை என்றனர் நடுவர். அந்த அமைதி வழியை நாடியிருந்தால் பிழைத்திருப்பவர் யார்? பணியாளரன்றோ! அவர்கள் உயிரைக் காத்திருக்கக்கூடிய கடமை தவறியது; அத்தவறுக்கு ஈடு பெற்றதோ பங்குப் பத்திரம். மாண்டவரின் மனைவிக்கு அம்மன்றத்திலே வாயில் இல்லை. அவள் முதல் போட்டவள் அல்லள்!

இன்னொன்றும் கேளுங்கள். இலங்கையின் 1978 அரசியல் சட்டத்திலே, அந்நிய முதலீட்டு உடன்படிக்கைகளுக்குச் சட்ட வலிமை வழங்க 157ஆம் விதி என்று ஒன்று உண்டு. அதே சட்டத்தின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்திலே, உயிர் வாழும் உரிமை என்று வெளிப்படையாக ஒரு விதி எழுதப்படவில்லை.

"முதல் வரவேண்டாமா?" என்பர். வரட்டும்! வந்ததால்தான் கும்மிடிப்பூண்டியிலே புகைபோக்கிகள் எழுந்தன. என் மாணவன் வீட்டிலே உலை கொதிக்கிறது. வாக்களித்ததைத் தராவிடில் வழக்காடவும் செய்யட்டும். தமிழக அரசு ஒப்புக்கொண்ட சலுகைத் தொகை நிலுவை என்று, 2011 இந்திய ஜப்பானிய உடன்படிக்கையைக் காட்டி நிசான் வழக்காடியது, 2020இல் சமரசமாயிற்று. வாக்குத் தவறுவதை நான் நியாயமென்று சொல்லமாட்டேன். ஆனால், பணம் போட்டவனுக்கு அளித்த வாக்கைக் காக்க உலக மன்றம். உழைப்பைப் போட்டவனுக்கு அளித்த வாக்கைக் காக்க? பணம் போவது நட்டம், உயிர் போவது விதி என்பதா?

பழைய உடன்படிக்கைகள் பலவற்றை இந்தியா 2016, 2017 ஆண்டுகளில் முறித்துக்கொண்டது. புதியவை எழுதப்படுகின்றன, ஐக்கிய அரபு எமிரேட்டுடன் ஒன்று 2024இல் நடப்புக்கு வந்தது. அதிலும் அரசை நடுவர் முன் நிறுத்தும் உரிமை முதலீட்டாளருக்கே. மாணவனிடம் இவ்வளவும் சொன்னேன். "அப்படியானால் என் அப்பா எதைப் போட்டதாகக் கணக்கு, ஐயா?" என்றான்.