விலையும் ஒரு தர்மம்

கொடுப்பவனைக் கொண்டாடுகிற நாடு நம்முடையது. வழிப்போக்கருக்குச் சத்திரம் கட்டியவனின் பெயர் கல்லில் இருக்கும். கோடையில் தண்ணீர்ப் பந்தல் வைத்தவனை ஊரே வாழ்த்தும். ஆனால், ஒரு பொருளின் விலையைக் குறைத்து, அதை வாங்க முடியாதவனும் வாங்கும்படி செய்த மனிதனுக்கு எந்த ஊரிலாவது கல்வெட்டு உண்டா? நான் பார்த்ததில்லை. அவனைத் தர்மவான் என்று நாம் சொல்லுவதில்லை. கெட்டிக்கார வியாபாரி என்று சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

இனாமாகக் கொடுப்பது உயர்ந்ததா, நியாயமான விலைக்குக் கொடுப்பது உயர்ந்ததா? "இதென்ன கேள்வி! இனாம்தான் உயர்ந்தது" என்று உடனே பதில் சொல்லத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். விடை தேட வேதாரண்யம் வரைக்கும் ஒருமுறை போய் வரலாம், வாருங்கள்.

1930-ஆம் வருஷம் ஏப்ரல் 13-ஆம் தேதி ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து தொண்டர்கள் புறப்பட்டார்கள். சுமார் 150 மைல் நடை. வழியில் அவர்களுக்குச் சோறு போடக்கூடாது, தங்க இடம் கொடுக்கக்கூடாது என்று தஞ்சாவூர்க் கலெக்டர் தார்ன் துரை உத்தரவு போட்டார். தஞ்சாவூர் ஜில்லாக்காரர்களிடம் போய்ச் சோறு போடாதே என்றால் நடக்கிற காரியமா? மரக்கிளைகளில் சோற்று மூட்டைகள் தொங்கின என்று இன்றும் சொல்லுவார்கள். ஏப்ரல் 30-ஆம் தேதி அகஸ்தியன்பள்ளியில் உப்பு அள்ளி ராஜாஜி கைதானார்.

இந்த வரலாறு எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் இதில் ஒரு சங்கதியை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அத்தனை தூரம் நடந்து, அடிபட்டு, சிறைக்குப் போனவர்களில் ஒருவராவது, "ஏழைக்கு உப்பை இனாமாகக் கொடு" என்று கேட்கவில்லை. பாத்தி கட்டியவனுக்குக் கூலி உண்டு, மூட்டை தூக்கியவனுக்குக் கூலி உண்டு, வண்டிச் சத்தம் உண்டு, கடைக்காரனுக்கு ஒரு சிறு லாபம் உண்டு. இவ்வளவும் சேர்ந்த விலையின்மேல் யாருக்கும் கோபம் இல்லை. எந்த உழைப்பும் சேராமல், அதிகாரம் ஒன்றே காரணமாக விலையில் வந்து உட்கார்ந்துகொண்டிருந்ததே வரி, அதன்மேல்தான் கோபம்.

உப்பை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? துணி விலை ஏறினால் கிழிசலைத் தைத்துக் கட்டிக்கொள்ளலாம். நெய் விலை ஏறினால் நெய்யை மறந்துவிடலாம். உப்பை மறக்க முடியாது. இல்லாமல் முடியாத பொருளை வாங்க வருகிறவனால் பேரம் பேச முடியாது. பேரம் பேச முடியாதவனிடம் விலை சொல்லும்போது, வியாபாரி நீதிபதி ஆகிவிடுகிறான். அவன் சொல்லுவது தீர்ப்பு. அது நியாயமாக இருக்கலாம், கொடுமையாகவும் இருக்கலாம். சந்தை விவகாரம் என்று சொல்லி மட்டும் அவன் தப்பித்துக்கொள்ள முடியாது.

உப்பைப் போலவே பேரத்துக்கு இடமில்லாத இன்னொரு பொருள் மருந்தும் வைத்தியமும். அந்த எண்ணம் எனக்கு வந்ததும் வேதாரண்யத்து உப்பளங்களில்தான். அங்கே சித்திரை வெயில் இரண்டு தடவை அடிக்கிறது. மேலேயிருந்து ஒரு தடவை. வெள்ளை வெளேரென்று குவிந்து கிடக்கும் உப்பிலிருந்து திரும்பி ஒரு தடவை. நீண்ட கழி கோத்த பலகையால் உப்பை இழுத்துக் குவிக்கிறவர்கள் காலையிலிருந்து கண்ணைச் சுருக்கிக்கொண்டே நிற்கிறார்கள். வயதாவது கண்ணில் புரை விழுவதற்கு முதல் காரணம். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரும் ஒரு காரணம் என்று வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். அங்கே டீக்கடை பெஞ்சியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு முதியவர் டம்ளரைத் தடவித் தடவித்தான் எடுத்தார்.

"ஏன் பெரியவரே, கண்ணைக் காட்டக்கூடாதா? முகாமில் இனாமாகவே ஆபரேஷன் செய்கிறார்களாமே?" என்றேன்.

"இனாந்தாங்க ஐயா. ஆனா கூட ஒரு ஆளு வரணும்ல? எம்மவன் ரெண்டு நாளு வேலய வுட்டுட்டு வந்தா அந்தக் கூலிய யாரு குடுப்பா?"

நியாயமான பதில். சற்று நேரம் டீயை ஊதிக்கொண்டிருந்துவிட்டு அவரே மறுபடியும் சொன்னார்: "அதோட இன்னொண்ணுங்க. காசு குடுக்காம போயிப் படுத்துக்கிட்டா, நாளைக்கு 'ஏன் சரியாத் தெரியல'ன்னு கேக்க வாயி வருமாங்க?"

இந்த இரண்டாவது பதிலுக்கு என்னிடம் மறுமொழி இல்லை. இனாம் வாங்குகிறவன் பொருளோடு கூட ஒரு மௌனத்தையும் வாங்கிக்கொள்கிறான். கொடுப்பவன் நல்லவனாக இருந்தாலும் அந்த மௌனம் போவதில்லை.

முதியவரின் முதல் காரணமும் அவர் ஒருவருடையது அல்ல. தென்னிந்தியக் கிராமங்களில் நடத்தி 1999-இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், கண் கோளாறு உள்ளவர்களில் நூற்றுக்கு ஏழு பேர்கூட இலவச முகாம்களுக்கு வரவில்லை என்று தெரிந்தது. பயம், செலவு, வீட்டுப் பொறுப்பு என்று பல காரணங்கள். வைத்தியம் இனாம் என்றாலும் பஸ்ஸுக்கும் சோற்றுக்கும் போன கூலிக்கும் யார் கொடுப்பது?

இந்தக் கணக்கை நன்றாகப் புரிந்துகொண்டவர் மதுரையில் ஒருவர் இருந்தார். டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1918-இல் எட்டயபுரத்துக்கு அருகே வடமலாபுரம் என்ற கிராமத்தில் பிறந்தவர். பிரசவ வைத்தியராக வேண்டும் என்பது அவர் ஆசை. ராணுவத்தில் டாக்டராக இருந்தபோது கீல்வாதம் வந்து படுக்கையில் தள்ளியது. விரல்கள் கோணிப்போயின. பேனாவைப் பிடிக்கவே சிரமப்பட்ட அந்த விரல்களைப் பழக்கிப் பழக்கிக் கண் ஆபரேஷன் கத்தியைப் பிடிக்க வைத்தார். அந்தக் கையால் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கண் ஆபரேஷன்கள் செய்தார் என்றால் நம்புவதற்குச் சிரமமாகத்தான் இருக்கிறது. சர்க்கார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், மற்றவர்கள் சாய்வு நாற்காலியைத் தேடும் 58 வயதில், 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை ஆரம்பித்தார்.

அங்கே வசதி உள்ளவர்கள் கட்டணம் கொடுத்தார்கள். இல்லாதவர்களுக்கு இனாமாகவோ மிகக் குறைந்த கட்டணத்துக்கோ வைத்தியம் நடந்தது. பிற்காலத்தில் ஆபரேஷன்களில் பாதிக்கு மேல் இந்த இரண்டாவது வகை. கிராமத்து நோயாளிகளை பஸ்ஸில் கூட்டி வந்து, சோறு போட்டு, திரும்பவும் ஊரில் கொண்டுபோய் விட்டார்கள். இது எப்படிக் கட்டுப்படியாயிற்று? ஒரு டாக்டருக்கு இரண்டு மேஜை. ஒன்றில் ஆபரேஷன் நடக்கும்போதே மற்றொன்றில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். கிராமத்துப் பெண்களைச் சேர்த்து, பயிற்சி கொடுத்து, டாக்டர்தான் செய்யவேண்டும் என்ற அவசியமில்லாத வேலைகளை எல்லாம் அவர்களிடம் ஒப்படைத்தார்கள். டாக்டரின் நேரம் வீணாகவில்லை. செலவு தானே இறங்கியது.

ஆனால் ஒரு பொருளின் விலை மட்டும் இறங்க மறுத்தது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ்.

பழைய நாளில் புரையை எடுத்துவிட்டுச் சோடாப்புட்டிக் கண்ணாடி ஒன்றை மாட்டி அனுப்புவார்கள். அதில் பக்கவாட்டில் தெரியாது. படிக்கட்டு இருக்கும் இடம் ஒன்று, தெரியும் இடம் ஒன்று. கண்ணாடி உடைந்தால் மறுபடியும் இருட்டுத்தான். இதற்கு மாற்று லண்டனில் பிறந்தது. யுத்த விமானிகளின் கண்ணில் தெறித்த விமானக் கூண்டின் பிளாஸ்டிக் சில்லுகள் கண்ணைப் புண்ணாக்காமல் கிடந்ததை ஹெரால்ட் ரிட்லி என்ற டாக்டர் கவனித்தார். அதே பொருளால் லென்ஸ் செய்து 1949-இல் ஒரு நோயாளியின் கண்ணில் பொருத்தினார். பிறகு உலகமெங்கும் அது பரவியது. பரவிய இடமெல்லாம் பணம் உள்ள இடமாக இருந்தது. நகத்தைவிடச் சிறிய அந்தப் பிளாஸ்டிக் துண்டுக்கு வெளிநாட்டுக் கம்பெனிகள் 100 டாலரும் அதற்கு மேலும் விலை வைத்தார்கள். பாத்தியில் நிற்கிறவனால் அதைக் கனவில்கூட வாங்க முடியாது.

வெளிநாட்டு நண்பர்கள் லென்ஸ்களை நன்கொடையாக அனுப்பினார்கள். நல்ல காரியம்தான். ஆனால் நன்கொடை வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. இருக்கிற லென்ஸை யாருக்கு வைப்பது, யாரைச் சோடாப்புட்டியோடு அனுப்புவது? மதுரைக்காரர்கள் வேறு வழி பார்த்தார்கள். டேவிட் கிரீன் என்ற அமெரிக்கரின் துணையோடு தொழில்நுட்பத்தைத் தேடிப் பிடித்து, 1992-இல் ஆரோலாப் என்ற தொழிற்கூடத்தை மதுரையிலேயே தொடங்கினார்கள். லென்ஸின் விலை 10 டாலர் அளவுக்கு வந்தது. பிறகு அதற்கும் கீழே போயிற்று. அங்கே செய்த லென்ஸ் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்குப் போனது.

இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். தொழிலாளிக்குக் கூலி கொடுத்து, யந்திரத்துக்குப் பணம் கட்டி, நஷ்டமில்லாமல் 10 டாலருக்கு ஒரு பொருளை விற்க முடிகிறது என்றால், 100 டாலரில் மீதி 90 எதற்காக?

வியாபார நண்பர் ஒருவரிடம் கேட்டேன். "கண்டுபிடிக்கிறவனுக்குக் கூலி வேண்டாமா, ஸார்? பத்து முயற்சியில் ஒன்பது வீணாகும். அந்த ஒன்பதின் செலவையும் பத்தாவதுதானே சுமக்க வேண்டும்?" என்றார். ஒப்புக்கொள்கிறேன். அறிவுக்கும் துணிவுக்கும் கூலி உண்டு. ஆனால் கூலி என்றால் அதற்கு ஓர் அளவு இருக்கிறது. அந்த அளவுக்கு மேலே ஏறுகிற ஒவ்வொரு காசும் எதன் விலை? நோயாளியின் பயத்தின் விலை. "கேட்டதைக் கொடுத்துவிடுவான், வேறு என்ன செய்வான்?" என்ற நிச்சயத்தின் விலை. பழைய உப்பு வரிக்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

இன்னொரு நண்பர் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தார். "காசு கொடுப்பவனுக்குத் தனி அறை, இல்லாதவனுக்குக் கூடத்தில் பாயா? இதுவா சமத்துவம்?" என்றார். கூர்மையான கேள்வி. கட்டணம் கொடுப்பவருக்கு அறையிலும் லென்ஸின் வகையிலும் தேர்வு இருப்பது உண்மை. ஆனால் அதே டாக்டர்கள்தாம் முறை வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் வேலை செய்கிறார்கள். என்னைக் கேட்டால், தீர்ப்பு சொல்ல ஒரு துலாக்கோல் போதும்: கட்டில் வேறாக இருக்கலாம்; கட்டு அவிழ்த்த பிறகு தெரிகிற உலகம் வேறாக இருக்கக்கூடாது. அந்த இடத்தில் வித்தியாசம் வருமானால், அதற்கு எத்தனை அழகான பெயர் சூட்டினாலும் அது பந்தி வஞ்சகம்தான்.

ஒரு பயமும் எனக்கு உண்டு. இப்படி ஒரு மகான் தோன்றிவிட்டால், "அவர் பார்த்துக்கொள்வார்" என்று மற்றவர்கள் தூங்கிவிடலாம். டாக்டர் வெங்கடசாமி 2006-இல் காலமானார். அவர் ஸ்தாபனத்தை ஊன்றிவிட்டுப் போனதால் வேலை நிற்கவில்லை. ஆனால் மகான் தோன்றாத ஊர்க்காரன் என்ன செய்வான்? மகான் கை வைக்காத வியாதி வந்தவன் என்ன செய்வான்? இருதயக் குழாயில் அடைப்பு வந்தால் வைக்கும் ஸ்டென்டை எடுத்துக்கொள்ளுங்கள். மருந்து பூசிய ஸ்டென்டுக்கு ஒரு காலத்தில் நோயாளி லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்தார். 2017 பிப்ரவரியில் மத்திய அரசாங்கம் அதற்கு 29,600 ரூபாய் என்றும், சாதாரண வகைக்கு 7,260 ரூபாய் என்றும் உச்சவரம்பு கட்டியது. ஒரே நாளில், ஓர் உத்தரவில் விலை இறங்கியது. 1930-இல் நடந்தவர்கள் கேட்டதும் இதைப் போன்ற ஒன்றைத்தானே? புண்ணியவானின் கருணையை அவர்கள் கேட்கவில்லை. சட்டத்தை மாற்றச் சொன்னார்கள்.

இனாம் வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. நியாயமான விலையைக்கூடக் கொடுக்க முடியாதவர்கள் இந்த நாட்டில் எத்தனையோ பேர். அவர்களுக்குக் கை நீட்டுவது நம் கடமை. ஆனால் விலை அநியாயமாக இருக்கும்போது எவ்வளவு தர்மம் செய்தாலும், அது ஓட்டைக் குடத்தில் ஊற்றிய தண்ணீர். கொடுப்பவன் கை ஓய்ந்த அன்று குடம் காலி. விலையை நியாயப்படுத்திவிட்டால், தர்மம் தேவைப்படுகிறவர்கள் குறைந்துபோவார்கள். மிஞ்சுகிறவர்களுக்கு நிறைவாகச் செய்யவும் கை வரும்.

விலை கொடுத்தவன் ரசீதைக் காட்டி, தலை நிமிர்ந்து, "ஏன் சரியாகத் தெரியவில்லை?" என்று கேட்கிறான். அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை, காசே இல்லாமல் வந்து படுத்தவனுக்கும் அதே அளவில் இருக்க வேண்டும். அதையும் சேர்த்துக் கொடுக்கத் தெரிந்தவனைத்தான் நான் தர்மவான் என்பேன். அவன் வியாபாரியாகவே இருந்தாலும் சரி.